சைக்கிளில் வேலைக்குப் போனால் காசு மிஞ்சுமா? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தெம்பனிஸ் வெஸ்ட்டில் வீடு, ஊபியில் வேலை. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆறு வருடமாக வாரத்தில் நான்கு நாள் சைக்கிளில்தான் போய்வருகிறேன். மின்தூக்கியில் ஹெல்மெட்டோடு பார்க்கிற பக்கத்து வீட்டார், கோயிலில் சந்திக்கிற அக்காமார், அலுவலகத்துத் தம்பிகள் என்று பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

மாதம் எவ்வளவு மிஞ்சும்? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் அக்கா.

ரயிலிலும் பேருந்திலும் போகிறவருக்கு, நினைப்பதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவர்கள்தான் பாதியில் விடுவதில்லை.

என் கணக்கையே பாருங்கள். டௌன்டவுன் ரயில் பாதையில் தெம்பனிஸ் வெஸ்ட்டில் ஏறினால் நான்காவது நிலையம் ஊபி. கணக்குக்கு எளிதாக ஒருவழிக்கு 1.60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் நான்கு நாள் என்றால் மாதத்துக்கு 16 நாள், போகவர 32 தடவை. 51 வெள்ளி 20 காசு. விடுப்பு, காய்ச்சல், ஊர்ப் பயணம் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் போய்விடும் என்று கழித்தால் ஆண்டுக்கு 563 வெள்ளி.

இப்போது செலவு. சைக்கிள் 320. ஹெல்மெட், முன் பின் விளக்கு, பூட்டு, பை எல்லாம் சேர்ந்து 110. டியூப், எண்ணெய், பிரேக் கட்டை என்று ஆண்டுக்கு ஒரு 90. ஆக முதல் ஆண்டில் 520 வெள்ளி போய்விட்டது. கையில் நின்றது 43 வெள்ளி! இரண்டாம் ஆண்டில் சைக்கிளும் சாமானும் வாங்க வேண்டியதில்லை. 473 வெள்ளி நின்றது. மூன்றாம் ஆண்டும் அப்படியே. காசு சேர்வது இரண்டாம் ஆண்டிலிருந்துதான். 900 வெள்ளிக்குச் சைக்கிள் வாங்கி மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டவருக்கு நட்டம் மட்டுமே.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேலை நாளில் காலை 7.45-க்கு முன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் பயண அட்டையைத் தட்டினால் 50 காசு வரை கட்டணம் குறையும். நீங்கள் ஏற்கெனவே அந்த நேரத்தில் போகிறவர் என்றால், குறைந்த கட்டணத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். சிம்ப்ளிகோ செயலியில் போன மாதப் பயணங்கள் வரிசையாக இருக்கும். பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் சொந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத செலவு எதுவும் உண்டா?

உண்டு. பசியும் தாகமும். முதல் மூன்று மாதம் ஊபியில் இறங்கியதும் நேரே காப்பிக் கடைக்குப் போய் ஒரு ஐஸ் மைலோ வாங்கிவிடுவேன். அது இரண்டு வெள்ளிக்குக் குறையாது. மிச்சம் பிடித்தது 1.60, குடித்தது 2. மாதக் கடைசியில் கணக்கு எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் பையில் இருக்கும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் யாருக்குத்தான் நிறைய மிஞ்சும்?

அவசரத்துக்குக் கிராப் பிடிக்கிறவர்களுக்கு. பேருந்தைத் தவறவிட்டு மாதம் நாலைந்து தடவை வாடகைக் கார் எடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். அந்தச் செலவு நின்றாலே சைக்கிள் விலை சில மாதங்களில் வந்துவிடும்.

மோட்டார் சைக்கிளோ காரோ வாங்க எண்ணி, அதைத் தள்ளிப்போட முடிகிறவர்களுக்கு இன்னும் அதிகம். இங்கே வண்டி வாங்க சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான சிஓஇ மட்டுமே 2022-இல் 12,000 வெள்ளியைத் தாண்டியது. 2023 அக்டோபரில் சிறிய காருக்கான சிஓஇ 106,000 வெள்ளிக்குப் போனது. அதற்குமேல் பெட்ரோல், காப்புறுதி, மாத நிறுத்தக் கட்டணம், ஈஆர்பி என்ற சாலைக் கட்டணம். எல்லாரும் காரை விட்டுவிட முடியாது; வயதான பெற்றோர், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டின் தேவை வேறு. ஆனால் வேலைக்குப் போய்வர மட்டும்தான் இரண்டாவது வண்டி என்றால், கட்டாயம் ஒருமுறை யோசியுங்கள்.

பலர் தப்பாகக் கணக்குப் போடுகிற ஒரு இடம் உண்டு. “வீட்டிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் சைக்கிள், அப்புறம் ரயில், பேருந்துக் காசு முழுக்க மிச்சம்” என்பார்கள். அப்படி இல்லை. 2010-இலிருந்து இங்கே மொத்தத் தூரத்துக்குத்தான் கட்டணம். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் அது ஒரே பயணமாகத்தான் சேரும். இரண்டு கிலோமீட்டர் பேருந்தைக் குறைத்தால் சில்லறைக் காசுதான் குறையும். பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம் மிச்சமாகும், அது பெரிய லாபம்தான். ஆனால் வெள்ளிக் கணக்கில் மிஞ்ச வேண்டுமென்றால் முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே போக வேண்டும்.

எவ்வளவு தூரம்வரை போகலாம்?

பழக்கமில்லாதவருக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வசதி. எனக்கு ஏறக்குறைய 7. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போய், காக்கி புக்கிட் வழியாக ஊபி. வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை அரைமணி நேரம். ரயிலில் போனாலும் நடையெல்லாம் சேர்த்து அதே நேரம்தான் ஆகிறது. உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் தீவுப் பக்கம் வேலைக்குப் போகிறவரை நான் சைக்கிள் எடுக்கச் சொல்லமாட்டேன்.

எந்தச் சைக்கிள் வாங்குவது?

பழைய சைக்கிள். பழைய பொருள் விற்கிற காரோசெல் செயலியில் தேடினால், யாரோ ஆசையாக வாங்கி நாலு தடவை ஓட்டி, மாடிப்படிப் பக்கம் சாத்தி வைத்தது நிறைய வரும். நேரில் போய்ப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நடுவில் அது ஆடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். சங்கிலியைப் பெரிய பல்சக்கரத்தின் முன்பக்கத்தில் விரலால் பிடித்து இழுங்கள். பல்லைவிட்டு நன்றாக எழும்பி வந்தால் தேய்ந்துவிட்டது, அதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மட்கார்டும் பின்னால் கேரியரும் அவசியம். மட்கார்ட் இல்லாத சைக்கிள் பார்க்க அழகாக இருக்கும். இங்கே ஒரு மழை பெய்து நின்ற சாலையில் போனால், முதுகில் கழுத்துவரை சேற்றுக் கோடு விழுந்துவிடும்.

வியர்த்துக் கொட்டுமே, அலுவலகத்தில் எப்படி உட்கார்வது?

காசைப் பற்றிக் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நடந்தாலே வியர்க்கிறது.

முதல் வழி, சீக்கிரம் கிளம்புவது. ஆண்டு முழுக்க இங்கே ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது விடிகிறது. நான் 6.40-க்கு இறங்கிவிடுவேன். அந்த நேரத்து நீர்த்தேக்கக் காற்றுக்கும் எட்டரை மணி வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது, மெதுவாக ஓட்டுவது. வேகமாகப் போனால் ஐந்து நிமிடம் மிச்சமாகும், ஆனால் வியர்வை அடங்க இருபது நிமிடம் ஆகும். மூன்றாவது, முதுகில் பை மாட்டாதீர்கள். பையைக் கேரியரில் கட்டினால் முதுகு பாதி காய்ந்தே இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் உடனே உடை மாற்றக் கூடாது. உடம்பு சூட்டில் இருக்கும்போது மாற்றினால் புதுச் சட்டையும் நனைந்துவிடும். நான் கீழே காற்றாடும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். பிறகு கழிவறையில் ஒரு சின்னத் துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, கைக்குழி, முதுகு என்று துடைத்துவிட்டு, அதன்பிறகே மாற்றுடை. வாரத்தில் ரயிலில் போகிற நாளில் நான்கு உடைகளைக் கொண்டுபோய் இழுப்பறையில் வைத்துவிடுவேன். அன்றே அழுக்குத் துணி திரும்பி வரும்.

உங்கள் கட்டடம் புதிதென்றால் குளியலறை இருக்கிறதா என்று பராமரிப்பு அலுவலகத்தில் கேளுங்கள். புதிய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் சைக்கிளில் வருகிறவர்களுக்கென்று கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்குக்கூட அது தெரிவதில்லை.

மழைக்கு என்ன செய்கிறீர்கள்?

ரயிலில் போகிறேன். வாரம் ஐந்து நாள் என்று எழுதாமல் நான்கு நாள் என்று கணக்குப் போட்டது இதனால்தான். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பிடித்துக்கொள்ளும். ஆண்டின் நடுவில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்துவிட்டுப் போகும். மைஎன்வி செயலியில் மழை மேகம் நகர்வது படமாகத் தெரியும், செருப்பு மாட்டுமுன் அதைப் பார்ப்பேன். இடி கேட்டால் கிளம்புவதே இல்லை. வழியில் மாட்டிக்கொண்டால் அடுக்குமாடிக் கீழ்த்தளம் எங்கேயும் இருக்கிறது, ஒதுங்கிவிடலாம். புகைமூட்டக் காலத்திலும் இதேதான்.

மழை நின்ற பிறகுதான் ஆபத்து அதிகம். சாக்கடை மேல் போட்டிருக்கும் இரும்பு மூடியும், சாலையில் தீட்டிய கோடுகளும் ஈரத்தில் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். இரண்டாம் வருடம் ஒரு காலையில் அப்படி ஒரு மூடிமேல் வந்து திரும்பினேன். சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. முழங்கை தேய்ந்தது, இரண்டு நாள் எழுத முடியவில்லை. இப்போது இரும்பு மூடியைக் கண்டால் ஹேண்டில் பாரைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுவேன்.

சட்டப்படி எங்கே ஓட்டலாம்?

நடைபாதையில் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. விரைவுச்சாலையில் கூடவே கூடாது. 2025 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே நடைபாதை இருந்தால், அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும்தான். அதில் ஓட்டிப் பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆண்டு முழுக்கச் சேர்த்த காசு ஒரே நாளில் போக வேண்டாம்.

சாலையில் ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம். மாலை 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ஒரு கைப் பிரேக்காவது வேலை செய்ய வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

சட்டத்தைத் தாண்டி ஒன்று. நடைபாதையில் முதியவர்கள் தள்ளுவண்டியோடு போவார்கள், பிள்ளைகள் திடீரென்று திரும்புவார்கள். பெல்லை அடித்து அவர்களை விரட்டாதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அரை நிமிடம்தான் ஆகும்.

சுடிதார் போட்டு ஓட்டலாமா?

ஓட்டலாம், நான் ஓட்டுகிறேன். துப்பட்டாவை மட்டும் போடாதீர்கள். முடிச்சுப் போட்டாலும் காற்றில் அவிழும், பின்சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுக்கும். மடித்துப் பையில் வைத்துவிட்டு அலுவலகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு முழு மூடி உள்ள சைக்கிளாகப் பாருங்கள். இல்லையென்றால் வலது கால் பேன்ட் ஓரத்தை ஒரு ரப்பர் பட்டையால் கட்டிவிட்டால் போதும். புடவை கட்டும் நாளில் ரயில்தான்.

பஞ்சர் ஆனால்?

நீங்களே ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்கு ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டு போனால், பயணத்தில் சேர்த்த காசு அங்கே போய்விடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் காக்கி புக்கிட்டில் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருந்த ஒரு தம்பி. பாதையோரத்தில் நான் விழித்துக்கொண்டு நின்றபோது, தன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். அவர் காட்டிய முறை இதுதான்.

சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே எடுங்கள். காற்றடித்து, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேயுங்கள். ஒட்டும் பசையை மெல்லிசாகத் தடவியதும் உடனே ஒட்டு ரப்பர் துண்டை ஒட்டிவிடாதீர்கள். ஈரம் போய், விரலில் லேசாகப் பிடிக்கிற பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். பிறகு துண்டை வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள்.

இதோடு முடிந்தது என்று டியூபை உள்ளே போட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. குத்தியது எது என்று பார்த்தாக வேண்டும். டயரின் உட்புறத்தில் துணியைச் சுற்றிய விரலை மெதுவாக ஓட்டுங்கள். ஒரு கண்ணாடித் துணுக்கோ கம்பி முனையோ துணியில் இடறும். அதை எடுக்காமல் மாட்டினால், ஒரு கிலோமீட்டர் போகுமுன் மறுபடியும் அதே இடத்தில் குத்தும். எனக்குக் குத்தியிருந்தது அரிசி முனையளவு கம்பி.

மற்றபடி வாரம் ஒருமுறை காற்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சங்கிலியைத் துடைத்து எண்ணெய். இந்த ஈரப்பதத்தில் துரு ஒரே மாதத்தில் ஏறிவிடும்.

வீட்டில் எங்கே வைப்பது? திருடு போகுமா?

திருடு போகும். திருட்டு குறைவான ஊர் என்று நம்பி மெல்லிய கம்பிப் பூட்டைப் போட்டவர்கள் இழந்திருக்கிறார்கள். யு வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, சைக்கிளின் ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து நிறுத்துமிடக் கம்பியோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்துப் போவார்கள்.

வீட்டு வாசலில் பொது நடைவழியில் வைப்பதென்றால், தீ விபத்தின்போது ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். அளந்து பாருங்கள். எங்கள் தளத்தில் அந்த இடம் இல்லாததால் என் சைக்கிள் வரவேற்பறைச் சன்னலோரம் நிற்கிறது.

மடக்குச் சைக்கிளை ரயிலில் கொண்டுபோகலாமா?

எந்த நேரத்திலும் கொண்டுபோகலாம். மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருக்க வேண்டும். பேருந்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் கீழ்த்தளத்தில். காலையில் சைக்கிள், மாலை மழை என்றால் ரயில் என்று மாற்றிக்கொள்ள முடிவது பெரிய வசதி. ஆனால் அதே தரத்தில் சாதாரணச் சைக்கிளைவிட விலை கூடுதல், பழையதாக வாங்கினால்தான் கணக்குக்கு ஒத்துவரும்.

மின்சைக்கிள்?

மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் நான் சொல்லமாட்டேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு, எண் பலகை, கோட்பாட்டுத் தேர்வு எல்லாம் உண்டு. 16 வயதாகியிருக்க வேண்டும், நடைபாதையில் அறவே ஓட்டக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் தூரம் அதிகம் உள்ளவர்களுக்கும் அது நல்ல துணை. வேகத்தைக் கூட்ட மாற்றியமைத்ததை மட்டும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.

வாடகைக்குக் கிடைக்கிற பகிர்வு சைக்கிள் போதாதா?

பழகிப் பார்க்கப் போதும். அரைமணிக்கு ஒரு வெள்ளி அளவில் ஆகும். தினமும் போவதென்றால் மாதச் சலுகை இருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். நிறுத்தியதும் அந்த இடத்துக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள், மறந்தால் 5 வெள்ளி பிடிப்பார்கள்.

நான் விடுதியில் இருக்கிறேன் அக்கா. தொழிற்பேட்டை வழியில் லாரிக்குப் பயமாக இருக்கிறது.

பயப்படுவது சரிதான் தம்பி. லாரியின் இடப்பக்கத்தில், ஓட்டுநர் அறைக்குச் சற்றுப் பின்னால் நீங்கள் இருந்தால் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள். அவர் இடப்புறம் திரும்பும்போது பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும். சிக்னலில் லாரி நின்றால் இடுக்கில் நுழைந்து முன்னால் போகாதீர்கள், பின்னால் நில்லுங்கள். அது போன பிறகு போகலாம். இரவு வேலை முடிந்து வரும்போது, வேலையிடத்தில் போடுகிற மின்னும் மேற்சட்டையைக் கழற்றாமல் அப்படியே ஓட்டி வாருங்கள். விளக்குக்குச் செலவழிக்க யோசிக்காதீர்கள். உங்களை நம்பி ஊரில் ஒரு வீடே இருக்கிறது.

விபத்து நடந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளுமா?

சொந்தச் சைக்கிளில் வேலைக்கு வருகிற வழியில் அடிபட்டால், பொதுவாக அது வேலையிடக் காயமாகச் சேராது. தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்து, அதில் சைக்கிள் ஓட்டுவது சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் நின்று உதவி செய்து, பெயர் விவரம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது அல்லது வேலை மாறும்போது சைக்கிளை என்ன செய்வது?

விற்றுவிடுங்கள். 150 வெள்ளிக்கு வாங்கியதைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தால் 100-க்காவது போகும். அந்த 100-ஐயும் உங்கள் சேமிப்பில் எழுதிக்கொள்ளலாம். விற்க நேரமில்லை என்றால் பக்கத்து அறைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் பூட்டியபடி விட்டுப் போனால், கொஞ்ச நாளில் நகர மன்றம் அறிவிப்பு ஒட்டி எடுத்துப் போய்விடும்.